பின்னறையில் முப்பத்தொரு கியூ

6 மார்ச் 2017

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா, இல்லை நார்ம் போனபிறகு அதட்ட ஆளில்லை என்று விட்டுவிட்டாயா? எனக்கு இடது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது.

உன் கணவன் நார்முக்கு என்னைப் பிடிக்காது, எனக்கும் அவனைப் பிடிக்காது. அதில் ஒளிவுமறைவு கிடையாது. ஆனாலும் அவன் செத்து ஆறு மாதமாகிறது. நீ தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. கடையிலிருந்தும் உன்னை நிறுத்திவிட்டார்களாமே. டெஸ் எழுதியிருந்தாள். உன் மகளுக்கு இருக்கிற அக்கறை உனக்கு இல்லை, நீ எழுதவே இல்லை.

இரண்டு விஷயம். முதலாவது, வரும் பிப்ரவரியில் பரோல் குழு என்னைக் கூப்பிடும். இருபத்திரண்டு வருடத்தில் இந்த முறைதான் சாதகமாக இருக்கிறது என்கிறார் இங்கே எங்கள் கேஸைப் பார்க்கும் ஹாரிகன். வெளியே போய்த் தங்க ஒரு முகவரி வேண்டும், அதுதான் நிபந்தனை. நார்ம் இருந்தவரை நான் கேட்கவில்லை. உன் பின்னறை காலியாகத்தானே இருக்கிறது?

இரண்டாவது, உன் பிழைப்பு. லூகாஸ் பெட்ராஷை நினைவிருக்கிறதா? இரும்பாலையில் வேலை பார்த்துக்கொண்டு கார் கொட்டகையில் பில்லியர்ட்ஸ் ஆடும் கியூக் கோல் செய்தாரே, அவர்தான். ஒன்றிலும் பெயர் போட்டதில்லை, போட்டால் வரி கட்டச் சொல்வார்கள் என்று பயம். அவர் செய்த கியூவுக்கு இப்போது ஆறாயிரம், ஏழாயிரம் டாலர் கொடுக்கிறார்களாம். இணைய ஏலத்தில் 'அப்பாவின் பழைய குச்சி' என்று போட்டு ஜனங்கள் அறுபது டாலருக்குத் தள்ளிவிடுகிறார்கள். கிளப்பில் கியூக்களின் நுனியில் தோல்முனை மாற்றிக்கொண்டிருந்த காலத்தில் என் கையில் அறுபது பெட்ராஷாவது வந்துபோயிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். உன்னிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது, என்னிடம் இந்த அறிவு இருக்கிறது. யோசி.

சிறையிலிருந்து அழைப்பு வராதபடி நார்ம் உன் தொலைபேசியில் போட்ட தடையை எடுத்துவிடேன். பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
டேரில்

2 ஏப்ரல் 2017

அன்புள்ள டேரில்,

நலம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. தேவாலயத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பியரோகிக் கொழுக்கட்டை பிடிக்கப் போகிறேன். கிழவிகள் எல்லாரும் உன்னைக் கேட்டார்கள். கேட்டார்கள் என்பதைவிட, என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

நீ சொன்னதை நம்பி ஒரு கியூ வாங்கிவிட்டேன். நூற்றுப் பத்து டாலர். படத்தில் பாதியை ஒரு பூனை மறைத்துக்கொண்டிருந்தது, அதனாலேயே விவரம் தெரியாத ஆள் என்று நினைத்தேன். கைப்பிடிக்கு மேலே மரத்தில் பதித்த நான்கு கூர்முனை, அழகாக, ஒன்றுபோல் ஒன்று. படம் வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்.

தொலைபேசித் தடையை எடுக்க நிறைய படிவம் கேட்கிறார்கள். எழுதிக்கொள்வோம், உன் கையெழுத்தைப் பார்த்தாலும் ஒரு நிறைவு.

பின்னறையில் நார்மின் உடைகள் கிடக்கின்றன. இன்னும் எடுத்துவைக்க மனம் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
பெர்னிஸ்

15 ஏப்ரல் 2017

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமென்று நினைக்கிறேன், உன் நூற்றுப் பத்து டாலர்தான் நலமாக இல்லை. பூனைக்காரன் உன் தலையில் நன்றாக மிளகாய் அரைத்துவிட்டான். அது தொழிற்சாலைச் சரக்கு. இரண்டு மணி நேரம் சிரித்தேன், பக்கத்து அறைக்காரன் தட்டி, "யாருய்யா செத்தது, இப்படிச் சிரிக்கிற?" என்றான்.

கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன், கேட்டுக்கொள். நான்கு கூர்முனையும் ஒரே உயரத்தில் நின்றால் அது பெட்ராஷ் இல்லை. கூர்முனை வெட்டும்போது மரத்தைப் பிடித்துவைக்கிற அவருடைய சட்டம் ஒரு பக்கம் தேய்ந்துபோனது, மாற்றக் காசு செலவழிக்கமாட்டார். அதனால் நான்கில் ஒன்று எப்போதும் ஒரு நெல் அளவு குட்டை. இது ஒன்று. கூர்முனையைச் சுற்றிப் போகிற வண்ணப் பட்டிகளில் கடைசியாக உள்ளே இருப்பது கரும்பச்சை. இது இரண்டு. இரண்டு துண்டையும் திருகிச் சேர்க்கிற மூட்டில் எஃகு வளையம் மங்கலாக இருக்கும், பளபளக்காது. ஆலையில் கழித்துப்போட்டதை எடுத்து வருவார். இது மூன்று. மூன்றும் இருந்தால் வாங்கு, ஒன்று குறைந்தாலும் கையை எடு.

இங்கே மூலக் கடிதத்தைக் கொடுப்பதில்லை, நகல்தான் தருவார்கள், அதுவும் கறுப்பு வெள்ளை. நிறத்தை நீதான் எழுத வேண்டும்.

இன்னொன்று. விற்கிறவரிடம் பெட்ராஷ் என்ற பெயர் உன் வாயில் வரக்கூடாது. "சுவரில் மாட்டலாம்னு பாக்கறேன், மூட்டுகிட்ட கீறல் இருக்கா, ஒரு படம் அனுப்புங்க" என்று கேள். கீறலைத் தேடி அவர்களே உனக்கு வேண்டியதைப் படம் பிடித்து அனுப்புவார்கள். விலையைக் கடைசிப் பத்து விநாடியில் போடு. அதுவரை அந்தப் பக்கமே போகாதவள்போல் இரு.

நார்மின் துணியைத் தேவாலயத்துக்குக் கொடுத்துவிடு. எனக்கு ஒரு கட்டிலும் ஒரு நாற்காலியும் போதும்.

டேரில்

20 ஜூன் 2017

அன்புள்ள டேரில்,

நலமா? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார்.

கோபித்துக்கொள்ளாமல் படி. இரண்டு மாதத்தில் ஏழு வாங்கினேன், ஐந்து பெட்ராஷ்! மூன்று அடையாளமும் இருந்தன. ஒன்றைக் கியூ சேகரிக்கிற ஒரு டல்லஸ்காரருக்கு நாலாயிரத்து அறுநூறுக்கு விற்றேன். பணம் வந்து சேர்ந்த அன்று சமையலறையில் நின்று அழுதேன். கடையில் பதினெட்டு வருடம் நின்றேன், ஒருநாளும் யாரும் என்னைப் பார்த்து "உங்களுக்கு எப்படிங்க இது தெரிஞ்சுது?" என்று கேட்டதில்லை. டல்லஸ்காரர் கேட்டார். நான் அப்படியே தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது கெட்ட செய்தி. மற்ற நான்கையும் நிலவறையில் கொதிகலனுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்திருந்தேன். நேற்று எடுத்துச் சமையல் மேசையில் உருட்டினேன். ஒன்றின் முன்துண்டு நொண்டியடிக்கிறது. நேராக்க முடியுமா?

பெர்னிஸ்

28 ஜூன் 2017

பெர்னிஸ்,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. கொதிகலனுக்குப் பக்கத்திலா? உனக்கு மூளை இருக்கிறதா? ஐம்பது வருடம் நேராக நின்ற மரத்தை இரண்டு மாதத்தில் வளைத்திருக்கிறாய். அது இனி நேராகாது. நேராக்கித் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் அவனையும் கொதிகலன் பக்கத்தில் சாய்த்துவை.

உடனே எல்லாவற்றையும் மேலே பின்னறைக்குக் கொண்டுபோ. வடக்கு பார்த்த அறை, வெயில் விழாது, சூடாக்கியும் இல்லை. உன் வீட்டில் கியூ வைக்கத் தகுந்த இடம் அது ஒன்றுதான். ஈரம் உறிஞ்சுகிற இயந்திரம் ஒன்று வாங்கிப் போடு. சுவரில் கொக்கி அடித்துத் தொங்கவிடு, சாய்க்காதே. கதவை மூடியே வை. உள்ளே சமையல் ஆவி போகக்கூடாது, சிகரெட் போகக்கூடாது, ஆள் தூங்குகிற மூச்சுக்கூட ஆகாது. நான் வரும்வரை அப்படி இருக்கட்டும், வந்தபிறகு வேறு வழி பார்க்கலாம்.

கடிந்துகொண்டதற்கு மன்னித்துக்கொள். ஐந்து பெட்ராஷ் கண்டுபிடித்துவிட்டாய். நான் வெளியே இருந்திருந்தால்கூட இரண்டு மாதத்தில் முடிந்திருக்காது.

தங்குமிடப் படிவத்தை ஹாரிகன் உனக்கு அனுப்பியிருக்கிறார். ஒரு கையெழுத்துதான். அக்டோபருக்குள் போக வேண்டும்.

டேரில்

11 செப்டம்பர் 2017

அன்புள்ள டேரில்,

நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கை ஒழியவில்லை. பின்னறையில் மூன்று சுவருக்கும் கொக்கி அடித்தாயிற்று. இயந்திரம் மெல்ல உறுமிக்கொண்டே இருக்கிறது. காலையில் எழுந்ததும் கதவைத் திறந்து ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் காபி போடுகிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், வேறு யாருக்கு இது புரியும்? அல்டூனாவில் ஒரு அம்மாள், அகாதா லுண்ட், எண்பத்தொரு வயது. 'கணவரின் கோல், பெட்டியுடன்' என்று போட்டிருந்தார். நான்கு முனை இல்லை, எட்டு! நீ சொன்னபடியே கீறல் கேட்டேன். பாவம், ஒன்பது படம் அனுப்பினார். எட்டில் ஒன்று குட்டை. உள்பட்டி கரும்பச்சை. வளையம் சாம்பல்போல் மங்கல். என் நெஞ்சு அடித்துக்கொண்டது அவருக்குக் கேட்டிருக்கும்.

தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்து என்னைக் கூப்பிடச் சொன்னார். "ஏம்மா, இது நல்ல சாமானா? என் வீட்டுக்காரரு இத யாரையும் தொட விடமாட்டாரு. காது மெஷின் வாங்கணும், அதான் விக்கறேன்," என்றார். "நல்லா உழைச்ச சாமானுங்க, சொவத்துல மாட்டினா அழகா இருக்கும்," என்றேன். "நீங்க நல்லவங்களாத் தெரியறீங்க, உங்க கைக்கே போகட்டும்," என்றார். பாதிதான் அவர் காதில் விழுந்தது, நான் கத்திக் கத்திப் பொய் சொன்னேன்.

ஞாயிறு மதியம் முடிந்தது. தொண்ணூற்றிரண்டு டாலர். அந்த அம்மாள் வாழ்த்து அட்டை ஒன்றும் சேர்த்து வைத்து அனுப்பியிருந்தார். இரண்டு நாள் வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் இல்லை.

இதை விற்கமாட்டேன். பன்னிரண்டாயிரம் தருகிறேன் என்கிறார் டல்லஸ்காரர். விற்கமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
பெர்னிஸ்

20 செப்டம்பர் 2017

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம்! எட்டு முனைப் பெட்ராஷ்! அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விதான் பட்டிருக்கிறேன். உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கிழவியைப் பேசவிட்டுக் கேட்டாயே, அந்தச் சாமர்த்தியம் எனக்கே வராது. நீ இனி என்னைக் கேட்க ஒன்றுமில்லை.

பிப்ரவரியில் வந்து முதலில் அதைத்தான் கையில் எடுப்பேன். அடிக்கமாட்டேன், பயப்படாதே, சும்மா பிடித்துப் பார்ப்பேன். கடைசியாக நான் பிடித்த கியூ எங்கே இறங்கியது என்று உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அந்த ஆள் மூன்றாம் நாள் செத்தான். இருபத்திரண்டு வருடமாக என் கை அந்த ஒரு அடியோடு நின்றுபோயிருக்கிறது. வேறொன்றைப் பிடித்து அதை மறக்க வேண்டும், அக்கா. அவ்வளவுதான் என் ஆசை.

படிவத்தை அனுப்பிவிட்டாயா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஹாரிகனிடம் இன்னும் வந்து சேரவில்லையாம். தபாலில் தொலைந்திருந்தால் இன்னொன்று அனுப்பச் சொல்கிறேன். எனக்கு உன்னைத் தவிர வேறு முகவரி இல்லை என்பது உனக்குத் தெரியும்.

டேரில்

8 நவம்பர் 2017

அக்கா,

நலமா? இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இன்னொரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். வீட்டைப் பார்க்க ஓர் அதிகாரி வருவார். ஒரு கட்டில் போட்டுக் காட்டினால் போதும். ஒரு வரி எழுது.

டேரில்

3 டிசம்பர் 2017

அன்புள்ள டேரில்,

நலம். டெஸ்ஸின் நாத்தனாருக்குக் கல்யாணம். விருந்தில் பிஸ்கட் அடுக்கிவைக்கிற குக்கி மேசைக்கு நான் மட்டும் முப்பது டஜன் சுட்டேன், அதில்தான் நாள் போய்விட்டது. படிவத்தை அனுப்பிவிட்டேன். அந்த அதிகாரியும் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார். நல்ல மனிதர், இரண்டு குவளை காபி குடித்தார்.

ஒரு சந்தேகம். தோல்முனைக்குக் கீழே இருக்கிற பூண் உண்மையான தந்தமா, பிளாஸ்டிக்கா என்று படத்தைப் பார்த்தே எப்படிச் சொல்வது? சீக்கிரம் எழுது, ஒன்று பதினெட்டாம் தேதி முடிகிறது.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். குளிருக்குக் கம்பளி கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்.

பெர்னிஸ்

19 பிப்ரவரி 2018

பெர்னிஸ்,

தந்தத்துக்கு நீ கேட்டபோதே பதில் எழுதினேன். வலைபோல மெல்லிய ரேகை ஓடும் என்று வரைந்துகூடக் காட்டினேன். அந்தப் பூண் உனக்குக் கிடைத்ததா? கிடைத்திருக்கும்.

குழு ஒன்பதாம் தேதி கூடியது. பத்து நிமிடம்தான். வெளியே வந்ததும் ஹாரிகன் என்னை உட்காரவைத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் மறக்கவில்லை.

"டேரில், மத்ததெல்லாம் சரியா இருந்துச்சு. எடம்தான் இல்ல. அதிகாரி போய்ப் பாத்திருக்காரு. ஒங்கக்கா பின்னாடி ரூமத் தொறந்து காட்டினாங்களாம். ஒரு ஆள் கால நீட்ட எடம் இல்லையாம், சொவரு பூரா தடி. முப்பத்தொண்ணு எண்ணினாராம். கூடத்துல படுப்பாரான்னு கேட்டதுக்கு, கூடத்துல தூசு வரும், பேக்கிங் பண்ற எடம்னாங்களாம். படிவத்துல, 'ஏற்பதற்கில்லை'ன்னு எழுதி ஒங்கக்காவே கையெழுத்துப் போட்டிருக்காங்க. இன்னொண்ணையும் சொல்லிடறேன். அடிச்சுக் கொன்னவன அந்தத் தடிங்க இருக்கற வீட்டுல விடலாமான்னு அவங்களே கேட்டாங்களாம்."

அடுத்து ஐந்து வருடம் கழித்துத்தான் கூப்பிடுவார்கள். 2023. எனக்கு ஐம்பத்தைந்து வயதாகியிருக்கும்.

அந்த அறையில் வை என்று உனக்குச் சொன்னவனே நான்தான். கதவை மூடு, மூச்சுக்கூட ஆகாது என்று எழுதியதும் நான்தான். என் கட்டில் போட வேண்டிய இடத்தில் உன்னை நானே கொக்கி அடிக்கவைத்தேன். ஆனால் அந்த அதிகாரி காபி குடித்தபோது நீ அந்தக் கேள்வியைக் கேட்டாயே, அதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

இனி எழுதமாட்டேன்.

டேரில்

30 ஏப்ரல் 2018

அன்புள்ள டேரில்,

நலமா? நான் நலம். இரண்டு மாதமாக என்ன எழுதுவது என்று யோசித்தேன், கடைசியில் உண்மையையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆரம்பத்தில் உன்னைக் கூட்டிக்கொள்ளத்தான் நினைத்தேன். நார்மின் துணிகளைப் போன மே மாதமே எடுத்துவிட்டேன், உனக்குச் சொல்லவில்லை. பிறகு கியூக்கள் வந்தன. நீ வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நீ மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, "இது பரவால்ல, அது குப்பை" என்பாய். டல்லஸ்காரர் உன்னோடு பேசுவார். நான் மறுபடி காபி கொண்டுவந்து வைக்கிறவளாக நிற்பேன். அம்மா வீட்டில் நின்றேன், நார்ம் வீட்டில் நின்றேன். இப்போது முதன்முறையாக ஒரு பொருளைப் பற்றி நான் சொன்னால் நாலு பேர் நம்புகிறார்கள். அதை உன்னிடம் தூக்கிக் கொடுக்க எனக்கு மனமில்லை. வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

இன்னும் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. இங்கே வந்தால் நீ முழங்கால் வலிக்கிற ஒரு கிழவன். உனக்கு யாரும் வேலை தரமாட்டார்கள். அங்கே இருந்தால் உன்னிடம் ஒரு காரியம் இருக்கிறது, ஒருத்தி உன்னைக் கேட்டு எழுதுகிறாள். எது உனக்கு நல்லது என்று நீயே யோசி.

உன் கணக்கில் ஐம்பது டாலர் போட்டிருக்கிறேன். காபி வாங்கிக்கொள்.

இத்துடன் நான்கு படம். பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒருவர் போட்டிருக்கிறார், இந்த முறை ஏமாந்த ஆள் இல்லை, 'பெட்ராஷ்' என்றே எழுதியிருக்கிறார். எட்டு முனை, ஒன்று குட்டை, உள்பட்டி கரும்பச்சை, வளையம் மங்கல். மூன்றும் இருக்கின்றன. ஆனாலும் எதுவோ உறுத்துகிறது, என்னவென்று எனக்குத் தெரியவில்லை. ஏலம் முப்பத்தெட்டாயிரம் வரை போகும். என்னிடம் இருக்கிற எட்டு முனையும் இதுவும் ஜோடியாக இருந்தால் ஓர் அருங்காட்சியகமே வாங்கிக்கொள்ளும் என்கிறார் டல்லஸ்காரர். வீட்டை வைத்து வங்கியில் கடன் கேட்டிருக்கிறேன், சரி என்றுவிட்டார்கள். மே இருபதாம் தேதி முடிகிறது. வாங்கலாமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
பெர்னிஸ்

6 மே 2018

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் இரண்டாம் தேதி வந்தது. படிக்காமல் கிழிக்கலாம் என்றுதான் வாங்கினேன், படம் இருந்தது, பார்த்துவிட்டேன்.

முதல் படத்திலேயே தெரிந்துவிட்டது. உனக்கு உறுத்தியது சரிதான், அது பெட்ராஷ் இல்லை. குட்டை முனை எங்கே இருக்கிறது என்று பார். அவருடைய சட்டம் தேய்ந்தது ஒரு பக்கம்தான். அதனால் குட்டை முனைக்கு நேர் எதிரே இருப்பது ஒரு மயிரிழை நெட்டையாக இருக்கும். இதில் எதிர்முனை மற்றவற்றோடு சமமாக நிற்கிறது. மூன்று அடையாளமும் தெரிந்த எவனோ உட்கார்ந்து செய்திருக்கிறான். இந்த நாலாவதை நான் உனக்குச் சொல்லியிருக்கவில்லை. வந்து நேரில் காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

"வாங்கு, தங்கம்" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நான்கு நாளாக அதைத்தான் யோசித்தேன். எழுதியும் பார்த்தேன். முப்பத்தெட்டாயிரமும் போயிருக்கும், வங்கிக்காரன் வந்து கதவில் பூட்டுப் போட்டிருப்பான், நீ தெருவில் நின்றிருப்பாய். அதை நினைத்து நினைத்து ஒரு நாள் முழுக்கச் சாப்பாடு ருசியாக இருந்தது.

பிறகு 2023 நினைவுக்கு வந்தது. அந்த வீடு போய்விட்டால் படிவத்தில் நான் எந்த முகவரியை எழுதுவது? தாளைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டேன்.

ஆகையால் வாங்காதே. கடனையும் வாங்காதே, கையெழுத்துப் போட்டிருந்தால் நாளைக்கே போய் ரத்து செய். கூரையில் பின்பக்கம் ஒழுகுகிறது என்று டெஸ் எழுதியிருந்தாள், மழைக்கு முன்னால் சரிபார்த்துவிடு. இனி எந்தப் படத்தை அனுப்பினாலும் பார்த்துச் சொல்கிறேன், எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பு. ஐம்பது டாலர் வந்து சேர்ந்தது. நன்றி.

டாக்டர் சொன்னபடி உப்பைக் குறை. மாத்திரையை ஒருநாள்கூட விடாதே. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு, பனி உறைந்த நாளில் வெளியே போகாதே. இன்னும் ஐந்து வருடம் உனக்கு ஒன்றும் ஆகக்கூடாது, அக்கா. உனக்கு ஏதாவது ஆனால் நான் இங்கேயே சாக வேண்டியதுதான்.

அன்புடன்,
டேரில்